திறனும் பயனுறுதிறனும்

இந்த நிகழ்ச்சி எங்கள் உறவினரிடையே இப்போது மூன்று விதமாகச் சொல்லப்படுகிறது. என் தம்பியின் மனைவி சொல்லும் கதையில், மேடவாக்கத்து நிலக்காரர் ஒருவர் அவனை நம்பவைத்துக் கைவிட்டுவிடுகிறார். என் கணவர் சொல்லும் கதையில் எஞ்சின் வெடித்துவிடுகிறது. மேடவாக்கத்தில் சொல்லப்படும் கதையிலோ, தமிழாசிரியை ஒருத்தி தன் தம்பியின் தொழிலை ஒரே சொல்லால் கெடுத்துவிடுகிறாள். தம்பியின் மனைவி அப்போது எங்கள் குடும்பத்துக்குள் வந்திருக்கவில்லை. என் கணவர் அன்று ஊரில் இல்லை. மூன்றாவது கதையைச் சொல்பவர்களில் பெரும்பாலோர் அந்தக் கிணற்றங்கரையில் நின்றவர்கள் அல்லர்.

ஆகவே நான் கண்ணால் கண்டதையும், என் காதுபடப் பேசப்பட்டதையும், நூலைத் திறந்து சரிபார்த்துக்கொண்டதையும் மட்டுமே எழுதுகிறேன். ஐயமுள்ள இடத்தில் ஐயம் என்றே சொல்வேன். முதல் ஐயம் ஆண்டைப் பற்றியது. எண்பதுகள் முடிந்து தொண்ணூறுகள் தொடங்கிய காலம் என்பது உறுதி. எந்த ஆண்டு என்பது உறுதியில்லை. அது கோடைக்காலம் என்பதில் ஐயமே இல்லை. பள்ளி விடுமுறையில் இருந்தேன். மேடவாக்கத்துக் கிணறுகளிலிருந்து தண்ணீர் லாரிகள் இடைவிடாமல் போய்க்கொண்டிருந்தன.

நாங்கள் மேற்குத் தாம்பரத்தில் குடியிருந்தோம். என்னைவிடச் சில ஆண்டுகள் இளையவனான தம்பி எங்களோடுதான் இருந்தான். குரோம்பேட்டைப் பக்கம் ஒரு சிறிய தொழிற்கூடத்தில் பிஸ்டன் வளையங்களைச் சரிபார்க்கும் வேலை. ஒவ்வொரு வளையத்தையும் அளவுகருவிக்குள் வைத்து, வெளிச்சம் கசிகிறதா என்று பார்த்து, தேறியது இந்தப் பக்கம், தேறாதது அந்தப் பக்கம் என்று பிரித்து வைக்க வேண்டும். அவனுடைய இயல்புக்கு இதைவிடப் பொருந்தாத வேலையை யாரும் தேடிக் கொடுத்திருக்க முடியாது. சாப்பிடும்போதும் கால் ஆடிக்கொண்டே இருக்கும். மின்தொடர்வண்டியில் ஏறினால் உட்கார மாட்டான். வண்டி ஒவ்வொரு நிலையத்திலும் நிற்கும்போது, தன்னை யாரோ பிடித்து நிறுத்தியதுபோல முகம் சுளிப்பான். சானடோரியத்தில் நின்ற வண்டி குரோம்பேட்டையிலும் ஏன் நிற்க வேண்டும் என்று ஒருமுறை என்னிடம் மனத்தாங்கலோடு கேட்டான். அவன் இறங்க வேண்டிய நிலையமே அதுதான் என்று நினைவூட்டினேன்.

பிஸ்டன்மீது அவனுக்கிருந்த வெறுப்பும் இவ்வகையானதே. பிஸ்டன் உருளைக்குள் மேலே போகிறது, அங்கே ஒரு கணம் நிற்கிறது; திசை மாறிக் கீழே வருகிறது, அங்கேயும் நிற்கிறது. எவ்வளவு விரைவாக ஓடினாலும் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை நின்றே தீர வேண்டும். அப்படி நிற்பதிலும் மீண்டும் கிளம்புவதிலும் எரிபொருளில் பெரும்பகுதி வீணாகிறது என்பது அவன் முடிவு. கணக்குப் போட்டு அடைந்த முடிவன்று அது. நிற்பது எதுவானாலும் வீண் என்பதே அவனுடைய நம்பிக்கை.

அந்த நிலையில் ஒரு சுழல் எஞ்சின் அவன் கைக்கு வந்தது. புதுப்பேட்டையில் பழைய உதிரிப் பொருள்கள் விற்கும் கடை ஒன்றில், கப்பலில் வந்த இரும்புக் குவியலுக்கிடையே கிடந்ததாகச் சொன்னான். எந்த நாட்டில் செய்தது என்று அறிய வழியில்லை; பெயர்த்தகடு இருந்த இடத்தில் திருகாணித் துளைகள் மட்டும் இருந்தன. காற்றால் குளிரும் சிறிய பெட்ரோல் எஞ்சின். ஒரு கைப்பையைத் தூக்குவதுபோல அதைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் வந்தான். சமையலறைக்கு வெளியே சாக்கை விரித்து, அதைப் பிரித்துக் காட்டினான். இரண்டு பருப்புள்ள வேர்க்கடலையின் தோடுபோல நடுவில் சற்றே ஒடுங்கிய கூடு. அதற்குள் மூன்று மூலைகளும் புடைத்த பக்கங்களும் கொண்ட ஓர் இரும்புத் துண்டு.

“கடலைக்குள்ள சமோசா. அவ்ளோதான்க்கா” என்றான்.

சமோசாவின் மூன்று மூலைகளும் கூட்டின் சுவரை எப்போதும் தொட்டுக்கொண்டே சுற்றும். ஒரு பக்கம் பெட்ரோல் கலந்த காற்றை உள்ளிழுக்கும்போது, இன்னொரு பக்கம் அழுத்தும். மற்றொரு பக்கத்தில் அது எரிந்து தள்ளும். வால்வு எனப்படும் தடுக்கிதழ்கள் இல்லை, மேல் கீழ் ஓட்டம் இல்லை. சுற்றத் தொடங்கினால் அணைக்கும்வரை எங்கும் நிற்பதில்லை. இதைச் சொன்னபோது அவன் கால் ஆடவில்லை என்பதைக் கவனித்தேன்.

அவன் திட்டம் பெரியது. இதே அமைப்பில் இறைப்பு எஞ்சின்களைத் தானே செய்ய வேண்டும். வளையக் கூடத்து வேலையை விட்டுவிட வேண்டும். கடைசல் வேலை தெரிந்த நண்பர்கள் இருந்தார்கள். இல்லாதது இடமும், முதலில் வாங்கிக்கொள்ள ஓர் ஆளும். இரண்டையும் தரக்கூடியவராக அவன் கண்டுபிடித்தவர்தான் மேடவாக்கத்து நிலக்காரர். அவர் குடும்பம் தலைமுறை தலைமுறையாக அங்கே நெல் பயிரிட்டது. அந்நாளில் அவர் பயிரை விட்டுத் தண்ணீரை விற்றுக்கொண்டிருந்தார். மூன்று கிணறுகள், ஒரே ஒரு டீசல் எஞ்சின். அதை அவர் ஆயில் எஞ்சின் என்பார். ஒரு கிணறு வற்றினால் அதைப் பெயர்த்து அடுத்த கிணற்றுக்குக் கொண்டுபோக நான்கு ஆட்கள் வேண்டும். கையில் தூக்கிப் போகிற எஞ்சின் என்றதும் அவருக்கு ஆர்வம் வந்துவிட்டது. கிணற்றையொட்டி அவருக்கு ஒரு கொட்டகையும் சும்மா கிடந்தது.

நிலக்காரருக்கு ஒரு கொள்கை உண்டு. இளமையிலிருந்து மேடைப் பேச்சுகளைக் கேட்டு வளர்ந்தவர். தம் மகள் திருமண அழைப்பிதழில் ஒரு வடவெழுத்தும் இராதபடி மூன்று முறை மெய்ப்புத் திருத்தியவர். அவர் வாயில் வருவதெல்லாம் ‘இன்னா’வும் ‘கீது’வுந்தான், ஆனால் முறையான செய்தி எதுவும் தூய தமிழில் எழுதி, உரக்கப் படித்துக் காட்டப்பட வேண்டும். தம்பி ஆங்கிலம் கலந்து விளக்கத் தொடங்கியதும் அவர் கையமர்த்தி, நல்ல தமிழில் எழுதிக்கொண்டு வா, படிக்கக் கேட்டு முடிவு சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டார். அவன் தன் அக்காள் தமிழாசிரியை என்று சொல்லியிருக்கிறான். அப்படியானால் அவரையே அழைத்து வந்து படிக்கச் சொல் என்றாராம். ‘என்றாராம்’ என்று எழுதுவதற்குக் காரணம், இது என் தம்பி சொல்லி நான் அறிந்தது.

இவ்வாறுதான் சுழல் எஞ்சினையும் பிஸ்டன் எஞ்சினையும் ஒப்பிடும் உரை ஒன்றை எழுதும் பொறுப்பு, செய்யுளிலக்கணம் கற்பிப்பவளான எனக்கு வந்தது.

அவன் சொல்லச் சொல்ல எழுதினேன். இடையில், “ரோட்டரிக்கு எஃபிஷியன்சி ஜாஸ்தி” என்றான். நான் ‘சுழற்பொறிக்குப் பயனுறுதிறன் மிகுதி’ என்று எழுதினேன். அவன் குனிந்து பார்த்தான்.

“பயனுறு வேணாம்க்கா. நீளமா இருக்கு. திறன்னு போடு, போதும்.”

“திறன் வேறு, பயனுறுதிறன் வேறு.”

“ரெண்டுலயும் திறன் இருக்கு இல்ல? அப்பறம் என்ன. அவர் முன்னால படிக்கும்போது நாக்கு சுத்தும்.”

இந்த உரையாடலை நான் சொல் மாறாமல் நினைவில் வைத்திருக்கிறேன். காரணம், அன்றிலிருந்து அதை அடிக்கடி எனக்குள் திரும்பச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். பென்சிலை என் கையிலிருந்து வாங்கி, ‘பயனுறு’ என்ற நான்கெழுத்தை அவனே அடித்தான்.

இவ்விடத்தில் சொல் விளக்கம் சிறிது தேவை. நம் பள்ளிப் பாடநூல்களில் ‘திறன்’ என்பது வேலை எவ்வளவு விரைவாகச் செய்யப்படுகிறது என்பதைக் குறிக்கும். பேச்சுவழக்கில் பவர் என்கிறோமே அது. ‘பயனுறுதிறன்’ என்பது கொடுத்ததில் எவ்வளவு பயனாகத் திரும்புகிறது என்பது. வண்டிக்காரர்கள் மைலேஜ் என்று கேட்பதற்கு அருகில் வருவது. ஒன்று விரைவைச் சொல்கிறது, மற்றது சிக்கனத்தைச் சொல்கிறது. இவ்விரண்டுக்கும் ஒரே வால் வைத்த கலைச்சொற் குழுவினர் யாரோ எனக்குத் தெரியாது. இலங்கைத் தமிழ் நூல்கள் சிலவற்றைப் பின்னாளில் பார்த்தேன். அங்கே நம் திறனை ‘வலு’ என்கிறார்கள். திறன் என்ற சொல்லை நம் பயனுறுதிறனுக்கு வைத்திருக்கிறார்கள். அந்த ஏற்பாடு இங்கே இருந்திருந்தால் நான் இதை எழுத நேர்ந்திராது. பேச்சுத் தமிழிலோ எல்லைக்கோடே இல்லை. திறமை உள்ளவன் என்றால் குறைவாகச் செலவழித்து நிறைவாகச் செய்பவன் என்றுதான் யாரும் கொள்வார்கள்.

எனக்கு மனம் ஒப்பவில்லை. இரண்டு சொற்களில் எது பொருந்தும் என்பதை அறிந்தால்தான் எதை எழுதுவது என்று முடிவு செய்ய முடியும். அவன் மாலைப் பணிக்குப் போயிருந்த ஒரு நாள் நூலகத்தில் எந்திரவியல் நூல் ஒன்றை எடுத்துப் படித்தேன். பெரும்பகுதி விளங்கவில்லை, ஆனால் வேண்டிய பகுதி தெளிவாகவே இருந்தது. அதே பருமனுள்ள பிஸ்டன் எஞ்சினைவிடச் சுழல் எஞ்சின் மிகுந்த திறனைத் தரும்; அதிர்வு குறைவு, உறுப்புகளும் குறைவு. ஆனால் அதற்குள் எரியும் இடம் நீண்டு தட்டையாக இருப்பதால் நெருப்பு சுவரை மிகுதியாகத் தொடுகிறது. வெப்பம் சுவருக்குள் போய்விடுகிறது. எரிபொருளில் ஒரு பகுதி முழுதும் எரியாமலே வெளியேறுகிறது. மூன்று மூலைகளிலும் உள்ள அடைப்புப் பட்டைகளின் வழியே கசிவும் உண்டு. ஆகவே ஒரே அளவு பெட்ரோலுக்கு அது செய்யும் வேலை பிஸ்டன் எஞ்சின் செய்வதைவிடக் குறைவு. நிற்பதால் உண்டாகும் இழப்பைப் பற்றி அந்த நூல் பெரிதாக எதுவும் சொல்லவில்லை. பிஸ்டன் நின்று திரும்பும்போது, அதன் ஓட்டத்தில் இருந்த ஆற்றலைச் சுழலும் கனத்த சக்கரம் வாங்கி வைத்துத் திருப்பிக் கொடுத்துவிடுகிறதாம்.

திறன் மிகுதி, பயனுறுதிறன் குறைவு. அவன் அடித்துத் திருத்தியதால், என் உரையில் இருந்த தவறான வாக்கியம் சரியான வாக்கியமாகிவிட்டிருந்தது. படிப்பவர் தவறாகப் புரிந்துகொள்ளும் சரியான வாக்கியம். மொழிப்பயிற்சியில் இதற்கு நான் மதிப்பெண் குறைத்ததில்லை. ஆயினும் அந்த வாரம் முழுதும் எந்த வேலையிலும் என் மனம் ஒருமுகப்படவில்லை. மாலைப் பணியிலிருந்து அவன் திரும்பும்முன் நான் உறங்கிவிடுவேன், காலையில் அவன் எழும்முன் நான் வீட்டு வேலையில் மூழ்கிவிடுவேன்; எங்கள் இருவருக்கும் பேச்சுக்கு இடம் கிடைக்கவில்லை. வேலையை விடப்போவதாக மேற்பார்வையாளரிடம் அவன் வாய்மொழியாகச் சொல்லிவிட்டான் என்பதும் அந்த வாரம் என் காதுக்கு வந்தது. கொட்டகை கிடைக்காவிட்டால் என்ன செய்வான் என்று யாரும் கேட்கவில்லை.

குறித்த காலையில் கிழக்குத் தாம்பரத்திலிருந்து மேடவாக்கத்துக்குப் பேருந்தில் போனோம். எஞ்சின் அவன் காலடியில் சாக்குக்குள் இருந்தது. சேலையூரைத் தாண்டியதும் நூலில் படித்ததைச் சொன்னேன். அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே கேட்டான். சினம் கொள்ளவில்லை.

“புக்கு எழுதினவன் கிணத்துல வெச்சுப் பாத்தானா?” என்றான். “இன்னிக்கு வெச்சுப் பாத்துடலாம்.”

உரையில் அந்த வாக்கியத்தை விடவா, மாற்றவா என்று கேட்டேன். இருக்கட்டும் என்றான். பேருந்து செம்பாக்கத்தில் நின்று ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தது. அவன் எழுந்து நின்றுகொண்டான்.

கிணற்றங்கரையில் எனக்காக ஒரு நாற்காலி போடப்பட்டிருந்தது. நிலக்காரர் வெள்ளை வேட்டியில், மேடைக்கு முன் உட்காருபவர்போல அடக்கமாக அமர்ந்தார். தண்ணீர் லாரியின் ஓட்டுநர் சக்கரத்தின்மேல் ஒரு காலை ஊன்றி நின்றார். பின்னால் இன்னும் இரண்டு லாரிகள் காத்திருந்தன. தம்பி எஞ்சினை வெளியே எடுத்துவைத்தான். நான் படிக்கத் தொடங்கினேன். ‘பொறிகள் இருவகைப்படும்’ என்றதுமே ஓட்டுநர் குறுக்கிட்டார்.

“எலிப்பொறியா டீச்சர்?”

“டேய், வாய மூடிக்கினு கேளு. எஞ்சின்னு இங்கிலீசுல சொல்றத்த டீச்சர் தமிழ்ல சொல்றாங்க” என்றார் நிலக்காரர்.

‘இச்சுழற்பொறி அளவில் சிறியது, எடையில் குறைந்தது, திறனில் மிகுந்தது’ என்ற இடம் வந்தது. மூன்று தொடர்களும் எதுகை இல்லாவிட்டாலும் ஓசையால் ஒத்திருந்தன. எழுதும்போது அதில் எனக்கே மகிழ்ச்சி இருந்தது. நிலக்காரர் கண்ணை மூடிக்கொண்டு தலையசைத்தார். பிறகு ஓட்டுநர் பக்கம் திரும்பினார்.

“கேட்டுக்கினியா? சின்னதா கீது, ஆனா கம்மியா குடிச்சிட்டு ஜாஸ்தியா எறைக்கும். அதான் திறன்.”

நான் தம்பியைப் பார்த்தேன். அவன் எஞ்சினின் மேலிருந்த, வெப்பம் தணிக்கும் செதில்களைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான், தலை நிமிரவில்லை. அவர் சொன்னது அவன் காதில் விழுந்தது என்று நான் நம்புகிறேன். விழுந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது, ஏனென்றால் அப்போது பின்னால் நின்ற லாரி ஒன்று ஒலி எழுப்பியது. அவனே திருத்துவான் என்று காத்திருந்தேன்.

“அப்படி இல்லைங்க” என்றேன். “திறன்னா வேகமா இறைக்கும்னு பொருள். கம்மியாக் குடிக்கும்னு பொருள் இல்லை. குடிக்கிறது இதுல அதிகம்னு புத்தகத்துல இருக்கு.”

நிலக்காரர் கண்ணைத் திறந்தார். அவர் என்னைப் பார்க்கவில்லை, தம்பியைப் பார்த்தார். “இன்னா தம்பி, டீச்சர் ஒண்ணு சொல்றாங்க?”

தம்பி அப்போதுதான் நிமிர்ந்தான். “ஓட்டிப் பாத்துடலாம்ணா” என்றான்.

அடுத்து நடந்த சோதனையைப் பற்றித்தான் பல கதைகள் உலவுகின்றன. ஆகையால் அதை முறையாகச் சொல்கிறேன். டீசல் எஞ்சினோடு பெட்ரோல் எஞ்சினை ஒப்பிடுவது நேர்மையன்று என்று தம்பிதான் முதலில் சொன்னான். பெட்ரோலிலும் ஓடக்கூடிய பழைய மண்ணெண்ணெய் எஞ்சின் ஒன்றை, ஏறக்குறைய அதே பருமன் உள்ளதாகத் தேடி, யாரிடமோ கேட்டு முன்பே அங்கே கொண்டுவந்து வைத்திருந்தான். அது பிஸ்டன் எஞ்சின். இரண்டும் ஒரே கிணற்றில், ஒரே குழாயில், ஒரே லாரிக்குள் இறைக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே குவளையால் அளந்த பெட்ரோல். சுழல் எஞ்சினுக்கு மட்டும் அதன் தேவைப்படி பெட்ரோலில் எண்ணெய் கலக்கப்பட்டது.

முதலில் பிஸ்டன் எஞ்சின். தடதடவென்று நிலம் அதிர ஓடியது. கிணற்றங்கரையில் வைத்திருந்த சொம்பு தானாக நகர்ந்தது. பெட்ரோல் தீர்ந்து அது அடங்கியதும், லாரிக்குள் கழியை விட்டு நீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று சுண்ணக்கட்டியால் கோடு போட்டார் ஓட்டுநர். தண்ணீரை வயலில் திறந்துவிட்டார்கள். உடனே அடுத்ததை ஓட்டலாம் என்றார் நிலக்காரர். தம்பி ஒப்பவில்லை. கிணற்றில் நீர் இறங்கியிருக்கிறது. இறங்கிய நீரை ஏற்றக் கூடுதல் வேலை. ஊறிப் பழைய படிக்கு வரவேண்டும் என்றான். ஒரு நிறுத்தத்தைக்கூடப் பொறுக்காதவன் அந்த வெயிலில் கிணற்றின் விளிம்பில் உட்கார்ந்து, ஒவ்வொரு கல்லாக நீர் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். காத்திருந்த லாரிகளின் ஓட்டுநர்கள் முணுமுணுத்தார்கள். “கெணறு இன்னா, ஆடர் குடுத்தா ஊறுமா?” என்று ஒருவர் கேட்டார்.

பிறகு சுழல் எஞ்சின். கயிற்றை இழுத்ததும் ஒரே மூச்சில் உயர்ந்த ஒலி. நடுவில் வெட்டே இல்லாத, இழுத்த நூல்போன்ற ஒலி. சொம்பு அசையவில்லை. குழாயிலிருந்து தண்ணீர் முன்னைவிட வேகமாக லாரிக்குள் பாய்ந்தது. காத்திருந்தவர்கள் அருகில் வந்து பார்த்தார்கள். தம்பியின் முகத்தில் அப்போதிருந்த மகிழ்ச்சியை நான் பொய்யென்று சொல்ல மாட்டேன். ஆனால் புகை வெளியேறும் குழாயின் பக்கம் நிற்க முடியவில்லை. அதன் எதிரே இருந்த புல் சுருண்டு கருகியது. நூல் சொன்ன வெப்பம் அதுதான் என்று எனக்குத் தெரிந்தது. தண்ணீரை ஏற்றியிருக்க வேண்டிய பெட்ரோல் அங்கே புல்லைக் கருக்கிக்கொண்டிருந்தது. ஒலி திடீரென்று தாழ்ந்தது, அறுந்தது. பெட்ரோல் தீர்ந்துவிட்டது. பிஸ்டன் எஞ்சின் எடுத்துக்கொண்ட நேரத்தோடு ஒப்பிட்டால், மிக விரைவில்.

ஓட்டுநர் கழியை இறக்கினார். ஈரம் சுண்ணக் கோட்டைத் தொடவில்லை. கோட்டுக்கும் ஈரத்துக்கும் இடையில் ஒரு சாணுக்கு மேல் இருந்தது. தம்பி கழியை அவர் கையிலிருந்து வாங்கித் தானே இறக்கிப் பார்த்தான். மறுபடியும் இறக்கிப் பார்த்தான்.

அங்கே எல்லாம் முடிந்துவிட்டது என்று எண்ணினேன். இந்த இடத்தில்தான் என் கணக்குத் தவறியது. நிலக்காரர் கழியைப் பார்க்கவே இல்லை. காத்திருந்த லாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“குடிக்குதுதான் தம்பி. நல்லாவே குடிக்குது” என்றார். “ஆனா எவ்ளோ சீக்கிரமா எறைக்குது பாத்தியா? எனக்கு லாரி நிக்கக் கூடாது. நின்னா பக்கத்துக் கெணத்துக்குப் பூடுவான். கொட்டாய நீ எட்த்துக்க. இத்தேமாதிரி நாலு செஞ்சு குடு.”

தம்பி எரிபொருள் செலவைச் சொன்னான். அது என் பாடு என்றார் அவர். தம்பி கழியைச் சுவரில் சாய்த்துவைத்தான்.

“வேணாம்ணா” என்றான்.

“இன்னாது?”

“நான் சொன்னது வேற. இது வேற. இது நின்னு போற எஞ்சின விடக் கம்மியாத்தான் செய்யுது.”

நிலக்காரர் என் பக்கம் திரும்பினார். “இன்னா டீச்சர் இது பேஜாரா கீது. குட்றவன் குட்றேங்கறேன், கேட்டவன் வேணாங்கறான்.” அவர் குரலில் சினமில்லை, புரியாமை மட்டுமே இருந்தது. மூன்றாவது கதையைச் சொல்பவர்கள் இந்தப் பகுதியை விட்டுவிடுகிறார்கள். திறன் எது என்று தெரிந்த பிறகு அந்தத் திறனையே அவர் கேட்டார். மறுத்தவன் என் தம்பி. நானும் அவனிடம் சொல்லிப் பார்த்தேன். வேலையை விடுவதாகச் சொல்லிவிட்டாயே, இடம் கிடைக்கிறதே, விரைவும் ஒரு பயன்தானே என்றேன். அவன் எஞ்சினைக் கொட்டகைக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு வெறுங்கையோடு வந்தான். வேண்டுமானால் ஓட்டிக்கொள்ளுங்கள் என்று அவரிடம் சொன்னான்.

திரும்பும் பேருந்தில் முகாம் சாலைச் சந்திப்பில் அவன் இறங்கிக்கொண்டான். நடந்து வருவதாகச் சொன்னான். அடுத்த நாள் வளையக் கூடத்துக்குப் போய், சொன்ன சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொண்டான். மேற்பார்வையாளர் எல்லாருக்கும் கேட்கும்படி அதைப் பற்றி ஒரு வேடிக்கை பேசினார் என்று பிற்பாடு அவனோடு பணி செய்தவர் ஒருவர் சொன்னார். என்ன வேடிக்கை என்பதை அவர் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை. அதன்பின் தம்பி வளையங்களைப் பிரித்து வைப்பதைச் சில காலம் தொடர்ந்தான். பிறகு ஓசூர், பிறகு புனே, பிறகு வேறு ஊர்கள். எந்த வேலையிலும் நெடுநாள் தங்கியதில்லை. என்னோடு மனவருத்தம் என்று சொல்ல எதுவும் இல்லை. வரும்போது வருகிறான், குழந்தைகளோடு பேசுகிறான், கால் ஆடுகிறது. எஞ்சின்களைப் பற்றி மட்டும் என்னிடம் பேசுவதில்லை.

நான் செய்ததைத் தவறு என்று கருதவில்லை. இன்று அதே நாற்காலியில் அமர்ந்தாலும் அதையே சொல்வேன். என்னை உறங்கவிடாதது வேறு. ‘பயனுறு’ என்பதை அவன் அடித்தது, சொல் நீளம் என்பதாலா? நீளம் என்பதால் என்றால், அவன் தான் நம்பியதைச் சுருக்கமாகச் சொல்ல விரும்பிய ஓர் எளிய மனிதன். கிணற்றங்கரையில் அவனுடைய நம்பிக்கை அவன் கண்ணெதிரே உடைந்தது. உடைந்ததைச் செய்து விற்க அவனுக்கு மனமில்லை. ஊறும் நீரைக் கல் கல்லாகப் பார்த்திருந்தவன் அப்படிப்பட்டவனாகவே இருக்க முடியும் என்று பல நாள் உறுதி கொள்கிறேன். ஆனால் நிலக்காரர் தவறாகப் பொருள் சொன்னபோது, துடைத்துக்கொண்டிருந்த கை நிற்கவில்லை, தலை நிமிரவில்லை என்பதும் நான் கண்டதே. இரண்டு பொருளும் தெரிந்தே குறுகிய சொல்லை அவன் தேர்ந்திருந்தால், அவன் கொட்டகையை மறுத்ததற்குப் பெயர் நேர்மையன்று; என் எதிரில் நிற்க முடியாமை.

சில ஆண்டுகளுக்குப்பின் அவன் எங்கள் வீட்டில் தங்கியிருந்தபோது நேரடியாகக் கேட்டேன். அந்தச் சொல்லை ஏன் அடித்தாய் என்றேன். அவன் காப்பியைக் குடித்து முடித்தான்.

“எந்தச் சொல்லுக்கா?” என்றான்.

அவன் மறந்துவிட்டானா, மறந்ததாகக் காட்டினானா என்பதை அவன் முகத்திலிருந்து என்னால் அறிய முடியவில்லை. மீண்டும் கேட்கவில்லை.

எனக்குத் தெரியாதவை இவை. சுழல் எஞ்சின் சிக்கனமானதன்று என்பது அந்தக் காலைக்கு முன்பே என் தம்பிக்குத் தெரியுமா என்பது தெரியாது. நிலக்காரர் சொன்னது அவன் காதில் விழுந்ததா என்பது தெரியாது. நான் பேசாமல் இருந்திருந்தால் அவனே பேசியிருப்பானா என்பதும் தெரியாது.